தைராய்டு குறைபாடு, ஆன்டிஆக்ஸிடன்ட் மரபணுக்கள், இதய நோய்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தைராய்டு சுரப்பு குறைந்தவர்களுக்கு இதய நோய் வரும் வாய்ப்பு கூடலாம் என்பது பழைய செய்தி. அதே அளவு தைராய்டு குறைபாடு உள்ள இருவரில் ஒருவருக்கு மட்டும் ரத்தக்குழாய் ஏன் சீக்கிரம் கெடுகிறது என்ற கேள்வி அவ்வளவு பழையது இல்லை. அதற்குச் சொல்லப்படும் பதில்களில் ஒன்று, ஆக்சிஜனின் வினைத்திறன் மிக்க வடிவங்களால் வரும் சேதத்தைத் தடுக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் நொதிகளைத் தீர்மானிக்கும் மரபணுக்கள் ஆளுக்கு ஆள் சற்று மாறியிருப்பது. இதைப் பற்றி நோயாளிகளும் அவர்கள் வீட்டாரும், உயிர்வேதியியல் படிக்கும் மாணவர்களும் கேட்கும் கேள்விகள் இங்கே இருக்கின்றன. மருந்தின் அளவை மாற்றுவது போன்ற முடிவுகளை உங்கள் மருத்துவரிடம் பேசித்தான் எடுக்க வேண்டும்.

தைராய்டு குறைந்தால் இதயத்துக்கு என்ன ஆகிறது?

நிறைய ஆகிறது. 1918-லேயே ஜெர்மன் மருத்துவர் ஹெர்மன் சோண்டெக், கடுமையான தைராய்டு குறைபாட்டில் இதயம் பெரிதாகி, துடிப்பு மந்தமாவதை விவரித்து எழுதினார். தைராய்டு ஹார்மோன் கொடுத்ததும் இதயம் பழைய அளவுக்குத் திரும்பியதையும் அவர் பார்த்தார்.

இன்று காரணங்கள் ஓரளவு தெளிவாகத் தெரியும். டி3 என்ற செயல்படும் ஹார்மோன் இதயத்தசைச் செல்லின் உட்கருவுக்குள் போய்ச் சில மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. தசை சுருங்கப் பயன்படும் மயோசின் புரதம் அவற்றில் ஒன்றிலிருந்து வருகிறது. சுருங்கிய தசை தளர்வதற்காகக் கால்சியத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும் செர்கா என்ற பம்ப் இன்னொன்றிலிருந்து வருகிறது. டி3 குறைந்தால் இதயம் சுருங்குவது பலவீனமாகும், தளர்வது தாமதமாகும். ரத்தக்குழாய்களின் தசையும் இறுகியே இருக்கும். அதனால்தான் தைராய்டு குறைபாட்டில் பல பேருக்கு ரத்த அழுத்தத்தின் கீழ் எண் ஏறுகிறது.

அப்புறம் கொலஸ்ட்ரால். ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல். கொழுப்பைக் கல்லீரல் தன் மேற்பரப்பில் உள்ள ஏற்பிகளால் பிடித்து உள்ளே எடுத்துக்கொள்கிறது. அந்த ஏற்பிகளின் எண்ணிக்கை தைராய்டு ஹார்மோனைப் பொறுத்தது. ஹார்மோன் குறைந்தால் ஏற்பி குறையும், எல்.டி.எல். ரத்தத்திலேயே அதிக நேரம் சுற்றும். இப்படிச் சுற்றும் நேரம் கூடுவதுதான் இந்தப் பக்கத்தில் பேசப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை. ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழைந்த எல்.டி.எல். ஆக்சிஜனேற்றம் அடைந்தால், அதாவது அந்த வினைத்திறன் மிக்க வடிவங்களோடு வினைபுரிந்து கெட்டால், வெள்ளை அணுக்கள் அதை விழுங்கி நுரைச் செல்களாக மாறுகின்றன. அங்கேதான் கொழுப்புப் படிவு தொடங்குகிறது.

லேசான தைராய்டு குறைபாட்டுக்கும் அதே ஆபத்தா?

இல்லை. தைராய்டு சுரக்கும் முதன்மை ஹார்மோனான டி4 சரியாக இருந்து, சுரப்பியைத் தூண்டப் பிட்யூட்டரி அனுப்பும் டி.எஸ்.எச். மட்டும் ஏறியிருப்பதை மறைநிலைத் தைராய்டு குறைபாடு என்கிறார்கள். 2010-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, 11 நீண்டகால ஆய்வுகளிலிருந்து 55,287 பேரின் தரவை ஒன்றாக வைத்துப் பார்த்தது. டி.எஸ்.எச். 4.5-க்கும் 6.9-க்கும் இடையில் இருந்தவர்களுக்கு இதய ரத்தக்குழாய் நோய் ஆபத்து கூடவில்லை. 10-ஐத் தாண்டி 19.9 வரை இருந்தவர்களுக்கு அது ஏறத்தாழ 1.9 மடங்கு. ஆகவே டி.எஸ்.எச். 5.2 என்று வந்ததற்காக இரவெல்லாம் தூங்காமல் இருக்க வேண்டியதில்லை.

ஆன்டிஆக்ஸிடன்ட் நொதி என்றால் என்ன? அது மாத்திரையில் வரும் ஆன்டிஆக்ஸிடன்ட் மாதிரியா?

இரண்டும் வேறு. மாத்திரையில் இருக்கும் வைட்டமின் சி, ஈ போன்றவை தாங்களே வினைபுரிந்து தீர்ந்துபோகும் மூலக்கூறுகள். நொதி அப்படித் தீராது. ஒரே நொதி மூலக்கூறு ஒரு நொடியில் எத்தனையோ முறை அதே வேலையைச் செய்யும். உடலின் முதன்மைப் பாதுகாப்பு இந்த நொதிகள்தான்.

செல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும்போது ஒரு சிறு பகுதி சூப்பர் ஆக்சைடு என்ற வினைத்திறன் மிக்க வடிவமாக மாறுகிறது. சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ், சுருக்கமாக எஸ்.ஓ.டி., அதை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுகிறது. ஜோ மெக்கார்டும் இர்வின் ஃப்ரிடோவிச்சும் 1969-இல் இதைக் கண்டுபிடித்தார்கள். மனிதரிடம் இது மூன்று வகை: எஸ்.ஓ.டி.1 பெரும்பாலும் செல்லின் திரவப் பகுதியிலும், எஸ்.ஓ.டி.2 செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளும், எஸ்.ஓ.டி.3 செல்லுக்கு வெளியே ரத்தக்குழாய்ச் சுவரிலும் வேலை செய்கின்றன.

ஹைட்ரஜன் பெராக்சைடும் நல்ல பிள்ளை இல்லை. அதை நீராக்கும் வேலை கேட்டலேஸ், குளூட்டத்தயோன் பெராக்சிடேஸ் என்ற இரண்டு நொதிகளுடையது. இரண்டாவதைச் சுருக்கமாக ஜி.பி.எக்ஸ். என்பார்கள். இவற்றோடு, நல்ல கொலஸ்ட்ரால் எனப்படும் எச்.டி.எல். துகள்மேல் ஒட்டிக்கொண்டு பயணிக்கும் பாராக்ஸோனேஸ், அதாவது பி.ஓ.என்.1, ஆக்சிஜனேற்றமடைந்த கொழுப்பைச் சிதைப்பதில் உதவுகிறது.

உடலே மந்தமாக இயங்கும்போது ஆக்சிஜனேற்றச் சேதம் குறையத்தானே வேண்டும்?

நியாயமான கேள்வி. முதலில் பலரும் அப்படித்தான் நினைத்தார்கள். வளர்சிதை மாற்றம் குறைந்தால் ஆக்சிஜன் செலவு குறையும், கழிவும் குறையும் என்பது கணக்கு. சில விலங்கு ஆய்வுகளில் அப்படியேதான் வந்தது. ஆனால் மனிதர்களிடம் செய்த பல ஆய்வுகளில், கொழுப்புகள் ஆக்சிஜனேற்றம் அடைந்ததன் அடையாளமான மாலான்டைஆல்டிஹைடு கூடுதலாகவே இருந்தது.

அடுப்பில் தீயைக் குறைத்துவிட்டோம், ஆனால் புகைபோக்கியும் பாதி அடைத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சேதத்தை நிர்ணயிப்பது எவ்வளவு உருவாகிறது என்பது மட்டும் இல்லை, எவ்வளவு அகற்றப்படுகிறது என்பதும்தான். தைராய்டு குறைபாட்டில் ரத்தத்தில் எல்.டி.எல். அதிகம், அதாவது ஆக்சிஜனேற்றம் அடையக் கூடிய பொருளே அதிகம். தைராய்டு ஹார்மோனுக்குப் பல ஆன்டிஆக்ஸிடன்ட் நொதிகளின் அளவிலும் பங்கு உண்டு. உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் ஹாஷிமோட்டோ எனப்படும் தன்னெதிர்ப்பு நோயால் வந்த குறைபாடு என்றால், நாள்பட்ட அழற்சியும் கூடவே சேர்ந்துகொள்கிறது.

தைராய்டு சுரப்பியே ஹைட்ரஜன் பெராக்சைடு தயாரிக்கிறதாமே?

ஆமாம், வேண்டுமென்றே தயாரிக்கிறது. அயோடினைப் புரதத்தில் இணைத்து ஹார்மோன் செய்வதற்குத் தைராய்டு பெராக்சிடேஸ் என்ற நொதிக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு தேவை. டூயாக்ஸ்2 என்ற இன்னொரு நொதி அதைச் செய்து தருகிறது. மற்ற செல்கள் அஞ்சும் ஒன்றை இந்தச் சுரப்பி தினமும் கச்சாப்பொருளாகப் பயன்படுத்துகிறது. அதனாலோ என்னவோ, எடைக்கு எடை பார்த்தால் உடலிலேயே அதிகச் செலினியம் உள்ள உறுப்பு தைராய்டுதான். ஜி.பி.எக்ஸ். நொதியின் மையத்தில் செலினியம் இருப்பது 1973-இல் தெரியவந்தது. டி4-ஐ டி3 ஆக மாற்றும் டீஅயோடினேஸ் நொதிகளுக்கும் அதே செலினியம் வேண்டும். தைராய்டு வேதியியலும் ஆன்டிஆக்ஸிடன்ட் வேதியியலும் ஒரே தனிமத்தைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. இந்தத் துறையில் என்னை மிகவும் கவர்ந்த விஷயம் இதுதான்.

தைராய்டு குறைபாட்டில் இந்த நொதிகள் கூடுகின்றனவா, குறைகின்றனவா?

எந்த ஆய்வைக் கையில் எடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. எஸ்.ஓ.டி. கூடியிருக்கிறது என்று ஒன்று சொல்லும், குறைந்திருக்கிறது என்று இன்னொன்று சொல்லும், மாற்றமே இல்லை என்று மூன்றாவது சொல்லும். கேட்டலேஸும் அப்படித்தான். பி.ஓ.என்.1 குறைந்திருப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன.

இந்தக் குழப்பத்துக்குக் காரணங்கள் உண்டு. சிவப்பணுவில் அளப்பது ஒன்று, ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவில் அளப்பது வேறொன்று. சுரப்பியை அறுவை செய்து அகற்றியதால் சில வாரங்களாக ஹார்மோன் இல்லாதவரும், பத்து வருடமாக ஹாஷிமோட்டோ உள்ளவரும் ஒரே பட்டியலில் வரக்கூடாது. இன்னொன்றும் இருக்கிறது. நொதியின் அளவு கூடியிருந்தால், பாதுகாப்பு பலமாக இருக்கிறது என்று அர்த்தமா, தாக்குதல் பலமாக இருப்பதால் உடல் ஈடுகொடுக்கிறது என்று அர்த்தமா? ஒரே ஒரு முறை எடுத்த ரத்த மாதிரி இதற்குப் பதில் சொல்லாது.

ஆய்வாளர்கள் மரபணுப் பக்கம் திரும்பியதற்கு இதுவும் ஒரு காரணம். நொதியின் அளவு நோயால் மாறும், மருந்தால் மாறும், புகைபிடித்தால் மாறும். பிறப்போடு வந்த மரபணு எழுத்து மாறாது.

சரி, மரபணு மாறுபாடு என்று எதைச் சொல்கிறீர்கள்?

டி.என்.ஏ.-வில் ஒரே ஒரு எழுத்து ஆளுக்கு ஆள் வேறுபடுவதை. இது நோய் இல்லை. கண்ணின் நிறம் வேறுபடுவது போல இயல்பானது.

அதிகம் படிக்கப்பட்டது எஸ்.ஓ.டி.2 மரபணுவில் உள்ள ஒன்று. எஸ்.ஓ.டி.2 புரதம் செல்லின் திரவத்தில் தயாராகி, பிறகு மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போக வேண்டும். அதன் முனையில் முகவரிச் சீட்டு மாதிரி ஒரு சிறு பகுதி இருக்கிறது. அந்தப் பகுதியின் 16-ஆவது இடத்தில் சிலருக்கு அலனின் என்ற அமினோ அமிலம், சிலருக்கு வேலின். அலனின் இருந்தால் புரதம் தடையின்றி உள்ளே போகிறது. வேலின் இருந்தால் ஒரு பகுதி மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்விலேயே சிக்கிக்கொள்கிறது. அலனின் வடிவத்தில் உள்ளே போய்ச் சேரும் செயல்திறன் 30 முதல் 40 சதவீதம் அதிகம் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டின. வேலின் வடிவம் ஒன்றும் அரிதானது இல்லை. பல மக்கள் கூட்டங்களில் இரண்டும் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி.

இதயத்துக்கு எஸ்.ஓ.டி.2 எவ்வளவு முக்கியம் என்று 1995-இல் எலிகளிடம் தெரிந்தது. அந்த மரபணு முற்றிலும் நீக்கப்பட்ட எலிக்குஞ்சுகள் இதயம் விரிந்து, பிறந்து பத்து நாளுக்குள் இறந்துபோயின. எஸ்.ஓ.டி.1 இல்லாத எலிகளோ பெரியவையாக வளர்ந்தன. ஆனால் மரபணுவே இல்லாமல் போவதும், மனிதருக்கு அதில் ஓர் எழுத்து மாறுவதும் ஒன்றில்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

வேறு எந்த மாறுபாடுகளைப் பற்றிப் பேசுகிறார்கள்?

ஜி.பி.எக்ஸ்.1 மரபணுவில் 198-ஆவது இடத்தில் புரோலினுக்குப் பதில் லியூசின் வருவது. லியூசின் வடிவத்தில் நொதியின் செயல்பாடு குறைவு என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. ஜி.பி.எக்ஸ்.1-ஐ இதய நோயோடு இணைக்க நல்ல சான்று ஒன்றும் உண்டு. 2003-இல் வெளியான ஆய்வு, இதய ரத்தக்குழாய் நோய் இருக்கலாம் என்று சந்தேகிக்கப்பட்ட 636 பேரைத் தொடர்ந்து கவனித்தது. சிவப்பணுவில் இந்த நொதி அதிகம் செயல்பட்டவர்களுக்கு மாரடைப்பும் இதய மரணமும் வெகுவாகக் குறைந்திருந்தன. ஆனால் அங்கே அளக்கப்பட்டது நொதியின் செயல்பாடு. மரபணு எழுத்தை வைத்து அந்த முடிவு வரவில்லை.

கேட்டலேஸ் மரபணுவில் பேசப்படும் மாறுபாடு, அதை இயக்கும் சுவிட்ச் பகுதியில் இருக்கிறது. அது நொதியின் வடிவத்தை மாற்றாமல் எவ்வளவு தயாராகிறது என்பதை மட்டும் மாற்றும். பி.ஓ.என்.1-இல் 192-ஆவது இடமும் 55-ஆவது இடமும் பிரபலம். 192-இன் இரண்டு வடிவங்களில் எது சிறந்தது என்று சொல்ல முடியாது. ஒரு வடிவம் ஒரு வேதிப்பொருளை வேகமாகச் சிதைக்கும், மற்றது வேறொன்றை.

நொதி அதிகம் இருந்தால் நல்லது, குறைவாக இருந்தால் கெட்டது. இவ்வளவுதானே?

அவ்வளவு நேரானது இல்லை. எஸ்.ஓ.டி.3-இன் கதையைக் கேளுங்கள். இந்த மரபணுவில் 213-ஆவது இடத்தில் ஆர்ஜினினுக்குப் பதில் கிளைசின் உள்ளவர்களின் ரத்தத்தில் எஸ்.ஓ.டி.3 பிறரைவிடப் பத்து மடங்கு அளவுக்கு அதிகம். அதிர்ஷ்டசாலிகள் என்று தோன்றும். கோபன்ஹேகனில் நடந்த பெரிய மக்கள்தொகை ஆய்வில் இவர்களுக்கு இதய நோய் ஆபத்து கூடுதலாக இருந்தது! அந்தப் பகுதிதான் நொதியை ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டவைக்கும் பசை. பசை பலவீனமானதால் நொதி சுவரை விட்டு ரத்தத்தில் மிதந்துவிட்டது. தேவைப்படும் இடத்தில் இல்லை, அளக்கும் இடத்தில் ஏராளம்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். எஸ்.ஓ.டி. நன்றாக வேலை செய்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு அதிகம் உருவாகும். அதை அகற்றும் ஜி.பி.எக்ஸ்.1 அதே ஆளிடம் பலவீனமாக இருந்தால் லாபமா நஷ்டமா? ஒரு மரபணுவை மட்டும் தனியாக எடுத்து நல்லது கெட்டது என்று தீர்ப்பு எழுதும் அறிக்கைகளை நான் நம்பாததற்கு இதுதான் காரணம்.

தைராய்டு குறைபாட்டோடு இந்த மாறுபாடும் சேர்ந்தால் மாரடைப்பு ஆபத்து கூடும் என்று நிரூபிக்கப்பட்டிருக்கிறதா?

இல்லை. கருதுகோளாக நன்றாக இருக்கிறது, நிரூபணமாக இல்லை.

கருதுகோள் இப்படிப் போகிறது: ஹார்மோன் சரியாக உள்ளவரிடம் எஸ்.ஓ.டி.2 வேலின் வடிவம் இருந்தாலும் பெரிய பாதிப்பு இருக்காது, மற்ற நொதிகள் சமாளித்துவிடும். தைராய்டு குறைந்து, எல்.டி.எல். ஏறி, ஆக்சிஜனேற்றச் சுமை கூடும்போது அந்தச் சிறு பலவீனம் வெளியே தெரியலாம். அதாவது மரபணு தனியாகவும் இல்லை, ஹார்மோன் தனியாகவும் இல்லை, இரண்டும் சேரும் இடத்தில்தான் ஆபத்து. உயிரியலில் இப்படி நடப்பது சாத்தியமே.

இதைச் சோதிப்பது ஏன் கடினம் என்று ஒரு கற்பனைக் கணக்கில் காட்டலாம். தைராய்டு குறைபாடு உள்ள 200 பேரை எடுக்கிறோம். வேலினும் அலனினும் மக்களிடம் பாதிக்குப் பாதி என்றால், பெற்றோர் இருவரிடமிருந்தும் வேலின் வாங்கியவர்கள் கால்வாசி, அதாவது 50 பேர். சில வருடங்களில் 100-க்கு 5 பேருக்கு மாரடைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 50 பேரில் எதிர்பார்க்க வேண்டியது இரண்டு மூன்று பேர். தற்செயலாக நான்கு பேருக்கு வந்துவிட்டால் ஆபத்து ஒன்றரை மடங்குக்கும் மேல் கூடியதாகத் தோன்றும். ஒருவருக்கு மட்டும் வந்தால் பாதிக்கும் கீழே இறங்கியதாகத் தோன்றும். இதில் எதுவும் மரபணுவின் வேலையாக இருக்க வேண்டியதில்லை.

அதனால் இந்த வகை ஆய்வுகள் பெரும்பாலும் மாரடைப்பையே எண்ணுவதில்லை. மாலான்டைஆல்டிஹைடு, கொழுப்பு விகிதங்கள், கழுத்து ரத்தக்குழாயின் சுவர்த் தடிமன் போன்றவற்றை அளந்து, அவற்றை இதய நோய் ஆபத்து என்று தலைப்பில் போடுகிறார்கள். அது தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் படிக்கிறவர் அந்த இடைவெளியை மனதில் வைத்திருக்க வேண்டும்.

பெரிய மரபணு ஆய்வுகள் எதுவும் சொல்லவில்லையா?

சொல்லியிருக்கின்றன, கொஞ்சம் ஏமாற்றமாக. முதலில் பி.ஓ.என்.1: 2004-இல் 43 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். 192-ஆவது இட மாறுபாட்டுக்கும் இதய நோய்க்கும் ஒரு மெல்லிய தொடர்பு தெரிந்தது. அளவில் மிகப்பெரிய ஆய்வுகளை மட்டும் எடுத்தபோது அதுவும் கரைந்து ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் போனது. சிறிய ஆய்வுகளில் பெரிதாகத் தெரிந்து, பெரிய ஆய்வுகளில் காணாமல் போவது இந்தத் துறையில் பழகிப்போன கதை.

2007-இலிருந்து முழு ஜீனோமையும், அதாவது ஒருவரின் டி.என்.ஏ. முழுவதையும், அலசும் ஆய்வுகள் வந்தன. இதய ரத்தக்குழாய் நோயில் முதலில் பளிச்சென்று தெரிந்தது 9-ஆவது குரோமோசோமில் உள்ள ஒரு பகுதி. ஆன்டிஆக்ஸிடன்ட் நொதிகள் எதுவும் அங்கே இல்லை. 6-ஆவது குரோமோசோமில் எஸ்.ஓ.டி.2 இருக்கும் பகுதிக்குச் சற்றுத் தள்ளி இதய நோயோடு வலுவான தொடர்பு கிடைத்தது. ஆனால் அது பக்கத்தில் குடியிருக்கும் எல்.பி.ஏ. மரபணுவின் வேலை. லிப்போபுரதம்-ஏ என்ற கொழுப்புத் துகளின் அளவை அது தீர்மானிக்கிறது.

இதிலிருந்து ஆன்டிஆக்ஸிடன்ட் மரபணுக்களுக்கு எந்தப் பங்கும் இல்லை என்று முடிவுகட்ட முடியாது. அந்த ஆய்வுகள் பொது மக்களைப் பார்த்தவை, தைராய்டு குறைபாடு உள்ளவர்களை மட்டும் தனியாகப் பிரித்தவை அல்ல. ஆனால் பங்கு இருந்தாலும் சிறியது என்று எடுத்துக்கொள்வதே நியாயம்.

இப்படி ஓர் ஆய்வுக் கட்டுரை கையில் கிடைத்தால் எதைப் பார்ப்பது?

முதலில் எத்தனை பேர் என்று பாருங்கள். நூறு, இருநூறு பேர் என்றால் ஆரம்பத் தடயம் என்று குறித்துவைத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போகலாம். அடுத்து, எத்தனை மாறுபாடுகளைச் சோதித்தார்கள்? இருபதைச் சோதித்தால் ஒன்று தற்செயலாகவே வெற்றி பெறும். அதற்கான திருத்தத்தைக் கணக்கில் செய்தார்களா? நோயாளிகளும் ஒப்பீட்டுக் குழுவும் ஒரே மக்கள் பின்னணியா? மாறுபாடுகளின் விகிதம் மக்களுக்கு மக்கள் வேறுபடும் என்பதால் இது அவசியம். உதாரணமாக எஸ்.ஓ.டி.2 அலனின் வடிவம் கிழக்காசிய மக்களிடம் மிகவும் குறைவு. வேறு குழுவில் யாராவது அதையே திரும்பச் செய்து அதே முடிவைப் பெற்றார்களா என்பதுதான் கடைசிக் கேள்வி. பெரும்பாலும் கட்டுரை அங்கேதான் தடுமாறும்.

நான் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளலாமா?

ஆன்டிஆக்ஸிடன்ட் மரபணுக்களுக்காக என்றால் வேண்டாம். முடிவு எப்படி வந்தாலும் உங்கள் சிகிச்சை மாறப் போவதில்லை. எஸ்.ஓ.டி.2 வேலின் என்று வந்தால் அதற்கென்று ஒரு மருந்து கிடையாது. அலனின் என்று வந்தால், ஏறியிருக்கும் எல்.டி.எல்.-ஐ விட்டுவிடலாம் என்றும் அர்த்தமில்லை. இந்த இரண்டாவது ஆபத்துதான் பெரிது, அறிக்கையைப் பார்த்து நிம்மதியாகிப் பரிசோதனைகளைத் தள்ளிப்போடுவது.

அதே கவனத்தை லிப்போபுரதம்-ஏ பரிசோதனைக்குக் கொடுத்தால் பயன் உண்டு. அது சாதாரண ரத்தப் பரிசோதனை, பெரும்பாலும் மரபணுவால் தீர்மானிக்கப்படுவதால் வாழ்நாளில் ஒருமுறை பார்த்தாலே போதும் என்கிறார்கள். இதய நோயோடு அதன் தொடர்பும் உறுதியானது.

ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை சாப்பிட்டால்?

இதயத்துக்காக என்றால் பயனில்லை என்று பெரிய ஆய்வுகளே சொல்லிவிட்டன. 2000-இல் வெளியான ஹோப் ஆய்வில் 9,541 பேர் பங்கெடுத்தார்கள். தினமும் 400 யூனிட் வைட்டமின் ஈ எடுத்தும் மாரடைப்பு குறையவில்லை. அவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது வைட்டமின் எடுத்தவர்களிடம் இதயச் செயலிழப்பு கூடுதலாகத் தெரிந்தது. 2002-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில் 20,536 பேரில் பாதிப் பேருக்கு ஐந்து வருடம் வைட்டமின் ஈ, சி, பீட்டா கரோட்டின் மூன்றையும் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் வைட்டமின்கள் ஏறின, நோய் குறையவில்லை. ஆக்சிஜனேற்றம் நோயில் பங்கெடுக்கிறது என்பதும், வைட்டமின் மாத்திரையால் அதை நிறுத்தலாம் என்பதும் இரண்டு தனித்தனிக் கூற்றுகள். முதலாவது உண்மையாக இருந்தும் இரண்டாவது தோற்றுப்போனது.

தைராய்டு உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை கூடுதலாக உண்டு. முடி, நகத்துக்கென்று விற்கும் பல கூட்டு மாத்திரைகளில் பயோட்டின் என்ற வைட்டமின் அதிக அளவில் இருக்கிறது. அது சில ஆய்வகப் பரிசோதனை முறைகளைக் குழப்பி, டி.எஸ்.எச்.-ஐக் குறைவாகவும் டி4-ஐ அதிகமாகவும் காட்டும். அந்தப் பொய்யான அறிக்கையை நம்பி மருந்தைக் குறைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பரிசோதனைக்குச் சில நாள் முன்பே பயோட்டினை நிறுத்திவிட்டு, அதை எடுத்துவந்ததையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

செலினியம்?

குறைபாடு இருந்தால் சரிசெய்ய வேண்டியதுதான். ஹாஷிமோட்டோவில் செலினியம் எடுத்தால் தைராய்டு எதிர்ப்பணுக்களின் அளவு குறைவதாகச் சில ஆய்வுகள் காட்டின. ஆனால் அதனால் தைராக்ஸின் மருந்து (மாத்திரை வடிவ டி4) தேவைப்படாமல் போனதாகவோ, மாரடைப்பு குறைந்ததாகவோ காட்டப்படவில்லை. செலினியத்தில் போதுமான அளவுக்கும் நச்சு அளவுக்கும் இடைவெளி குறைவு. அளவு மீறினால் முடி கொட்டும், நகம் உடையும். முடி கொட்டுகிறதே என்று செலினியத்தை ஆரம்பித்து, அதனாலேயே இன்னும் கொட்டவைத்துக்கொள்ள வேண்டாம்.

தைராக்ஸின் மருந்து எடுத்தால் இந்த ஆக்சிஜனேற்றச் சிக்கல் சரியாகுமா?

பெரும்பாலும் குறைகிறது. மருந்தால் ஹார்மோன் சமநிலைக்கு வந்தபின் மாலான்டைஆல்டிஹைடு போன்ற அடையாளங்கள் இறங்கியதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. எல்.டி.எல். ஏற்பிகள் மீண்டும் கூடுவதால் கொலஸ்ட்ராலும் இறங்கும். அந்த வகையில் தைராய்டு குறைபாட்டுக்கு உருப்படியான ஆன்டிஆக்ஸிடன்ட் சிகிச்சை என்று ஒன்று இருந்தால் அது சரியான அளவு தைராக்ஸின்தான்.

சரியான அளவு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஹார்மோன் கூடிப்போனாலும் ஆக்சிஜனேற்ற அழுத்தம் கூடும். அதோடு இதயத்துடிப்பு தாறுமாறாகும் ஏட்ரியல் ஃபைப்ரிலேஷன் வரலாம், எலும்பும் தேயும். முதியவர்களுக்கும் ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களுக்கும் 12.5 அல்லது 25 மைக்ரோகிராமில் தொடங்கி மெல்ல ஏற்றுவது இதனால்தான். வயதானவர்களின் லேசான குறைபாட்டில் மருந்து தேவையா என்பதே கேள்விக்குறி. 65 வயதுக்கு மேற்பட்ட 737 பேரை வைத்து நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், மறைநிலைக் குறைபாட்டுக்கு மருந்து எடுத்தவர்களின் உடல்நலிவு அறிகுறிகள் எந்த வகையிலும் குறையவில்லை.

மாத்திரையை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு எடுக்க வேண்டும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் நான்கு மணி நேர இடைவெளி தேவை. அளவை மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் டி.எஸ்.எச். பார்க்க வேண்டும். அதற்கு முன் பார்ப்பது வீண்.

கொலஸ்ட்ராலுக்கு ஸ்டேடின் ஆரம்பிக்கச் சொல்கிறார்கள். தைராய்டை முதலில் சரிசெய்யலாமா?

வெளிப்படையான தைராய்டு குறைபாடு இருந்தால் ஆமாம், முதலில் அதுதான். அதைச் சரிசெய்தாலே எல்.டி.எல். கணிசமாக இறங்கக் கூடும். தைராய்டு குறைந்த நிலையில் ஸ்டேடின் எடுத்தால் தசைவலியும் தசைச் சேதமும் வரும் வாய்ப்பும் அதிகம். புதிதாகக் கொலஸ்ட்ரால் ஏறியவருக்கு டி.எஸ்.எச். பார்க்கச் சொல்வது இதற்காகத்தான். ஆனால் ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர், தைராய்டு சரியாகட்டும் என்று ஸ்டேடினைத் தானாக நிறுத்தக் கூடாது. அங்கே முடிவு இதய மருத்துவருடையது.

எங்கள் குடும்பத்தில் பல பேருக்குத் தைராய்டும் இதய நோயும் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு என்ன பார்க்க வேண்டும்?

தன்னெதிர்ப்புத் தைராய்டு நோய் குடும்பங்களில் தொடர்வது உண்மை. அறிகுறி இருந்தாலோ, மகள் கர்ப்பத்துக்குத் திட்டமிட்டாலோ டி.எஸ்.எச். பார்க்கச் சொல்லுங்கள். இதய நோய் சின்ன வயதில் வந்த குடும்பம் என்றால் பிள்ளைகளுக்குக் கொழுப்புப் பரிசோதனை தேவை. எல்.டி.எல். 190-ஐத் தாண்டி, தைராய்டும் சரியாக இருந்தால், எல்.டி.எல். ஏற்பியின் மரபணுவிலேயே கோளாறு உள்ள பரம்பரைக் கொலஸ்ட்ரால் நோயாக இருக்கலாம். அப்போது மட்டும் மரபணுப் பரிசோதனையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அதன் முடிவு சிகிச்சையை மாற்றும், உடன்பிறந்தவர்களையும் சோதிக்க வேண்டியிருக்கும்.